கோலாலம்பூரில் ஒருவர், பினாங்கில் ஒருவர்: ஒரே எடிட்டை இருவர் செய்ய எந்த வழி நல்லது?

"அண்ணே, எல்லாத்தையும் டிரைவ்ல போட்டுட்டு ரெண்டு பேரும் ஒரே ப்ராஜெக்டத் தொறந்தா போதாதா?"

பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கும் தம்பி இப்படிக் கேட்டபோது, போதும் என்றுதான் நானும் நினைத்தேன். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். இருவரும் சேர்ந்து ஒரு கல்யாண வீடியோ செய்துகொண்டிருந்தோம். ப்ராஜெக்ட் ஃபைல் ஒத்திசைவுக் கோப்புறை ஒன்றில் இருந்தது. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு நான் நிறத்தைச் சரிசெய்து சேமித்தேன். அதே நேரம் அவரும் அதே ஃபைலைத் திறந்து வைத்து மணவறைப் பகுதியை வெட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து அவர் சேமித்தது, பெயரின் பின்னால் "மோதல் நகல்" என்ற ஒட்டோடு தனி ஃபைலாகப் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் நான் என் ஃபைலிலிருந்தே தொடர்ந்து ஏற்றுமதி செய்து பெண் வீட்டாருக்கு அனுப்பினேன். தாலி கட்டும்போது தாயின் முகத்தைக் காட்டும் அந்த நான்கு விநாடி ஷாட் அதில் இல்லை. தம்பி தேடி எடுத்து வைத்திருந்த ஷாட் அது.

அதற்குப் பிறகு வெவ்வேறு வேலைகளில் நான்கு வழிகளைச் செய்து பார்த்துவிட்டோம். கிள்ளானிலிருந்தும் பிறையிலிருந்தும் இதே கேள்வியோடு எடிட்டர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, ஒருவரிடம் மேக், மற்றவரிடம் விண்டோஸ், வீட்டு ஃபைபர் இணையம், கையில் அளவான காசு. இந்த ஒப்பீடு அவர்களுக்காக.

## முதலில் அளவுகோல்கள்

சேவைகளின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன் நான்கு விஷயங்களுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை கைகள்? நாங்கள் அதிகம் ஏமாந்த இடம் இதுதான். இருவர் சேர்ந்து செய்கிறோம் என்றால் இருவரும் ஒரே நிமிடத்தில் ஒரே டைம்லைனைத் தொடுகிறோம் என்று பொருளாகாது. பல வேலைகளில் ஒருவர் வெட்டுவார், அவர் முடித்த பின் மற்றவர் நிறமும் ஒலியும் பார்ப்பார். மாறி மாறிக் கை வைப்பதற்கும் சேர்ந்து கை வைப்பதற்கும் தேவைப்படும் ஏற்பாடு முற்றிலும் வேறு.

ஃபுட்டேஜ் எவ்வளவு, ஏற்றும் வேகம் எவ்வளவு? ப்ராஜெக்ட் ஃபைல் சில எம்பிதான், வாட்ஸ்அப்பிலேயே போய்விடும். கனமெல்லாம் ஃபுட்டேஜில் இருக்கிறது. கேமராவில் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவான 4கே வீடியோ ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிபி. தைப்பூசத்தில் மூன்று கேமராக்களிலும் சேர்த்து மொத்தம் 11 மணி நேரம் எடுத்தால் ஏறத்தாழ 500 ஜிபி. என் வீட்டுத் திட்டம் 300 எம்பிபிஎஸ் என்று விளம்பரமானது, ஆனால் அது இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் 50. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது விநாடிக்கு 6.25 எம்பி. 500 ஜிபி ஏற, நடுவில் ஒரு தடங்கலும் இல்லாமல் 22 மணி நேரம். இணையத் திட்டத்தின் ஒப்பந்தத் தாளில் ஏற்றும் வேகத்தைத் தேடிப் பாருங்கள். முடிவை மாற்றுவது அந்த எண்தான்.

இரு பக்கமும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பா? டாவின்சி ரிசால்வோ பிரீமியர் புரோவோ, புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. வேலையின் நடுவில் யாரும் அப்டேட் பொத்தானை அழுத்தக் கூடாது.

மாதச் செலவு ரிங்கிட்டில் எவ்வளவு? பெரும்பாலான சேவைகள் டாலரில் கணக்கிடுகின்றன. அதற்கு மேல் நாணய மாற்று உண்டு. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் சேவை வரி இருக்கிறது. முதலில் 6 விழுக்காடு, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. விலைப் பக்கத்தில் தெரியும் எண்ணும் கார்டு கணக்கில் விழும் எண்ணும் ஒன்றாக இராது.

## வழி 1: இரட்டை டிஸ்க், பயணம் போகும் ப்ராஜெக்ட் ஃபைல்

ஒரே ஃபுட்டேஜை இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஆளுக்கு ஒன்று. அதன் பிறகு இருவருக்கும் இடையில் ஓடுவது ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும். பழைய முறை. ஆனால் இருவர் குழுவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நல்ல எஸ்எஸ்டியில் 500 ஜிபி அரை மணிக்குள் பிரதியாகிவிடும். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் ஒன்றேகால் மணி. கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். என் இணையம் அதே 500 ஜிபியை ஏற்றி முடிக்குமுன் ரயில் போய்த் திரும்பி இன்னொரு முறையும் போய்விடும். யாராவது ஊருக்குப் போகிறார்கள் என்றால் கொடுத்தனுப்புங்கள். கூரியர் என்றால் மூலப் பிரதியை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

இந்த வழி வெல்வதும் தோற்பதும் சின்னச் சின்ன ஒழுங்குகளில்.

- டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுதலாம். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்க மட்டுமே செய்யும். ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னலிங் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கம்பியைப் பிடுங்கினால் கோப்புறையே சிதையலாம். எஜெக்ட் செய்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.
- இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே பெயர் வையுங்கள். விண்டோஸ் பக்கத்தில் டிரைவ் எழுத்தையும் ஒன்றை நிரந்தரமாக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எல்லாக் கிளிப்பும் சிவப்பாகிப் பாதையைத் தேடச் சொல்லும். வெளியே அடையாளம் தெரிய எங்கள் டிஸ்க்குகளில் "அ", "ஆ" என்று டேப் ஒட்டியிருக்கிறோம்.
- பல கேமராக்கள் ஒவ்வொரு புதிய கார்டிலும் சி0001 என்றே எண்ணத் தொடங்கும். மூன்று கேமரா என்றால் மூன்று சி0001. எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்றன் மேல் ஒன்று விழும், அல்லது இணைக்கும்போது காவடிக்குப் பதில் கூட்டம் வந்து நிற்கும். கேமராவுக்கு ஒரு கோப்புறை, கார்டுக்கு ஒரு கோப்புறை என்று வைத்து, முதல் நாளே பெயர் மாற்றிவிடுங்கள்.
- பிரதியெடுக்க இழுத்துப் போடும் வழக்கத்தை விடுங்கள். ரிசால்வின் மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலும் எழுத்துக்கு எழுத்து சரியாகப் போனதா என்று செக்சம் போட்டுப் பார்த்துவிடும்.

*மறைந்திருக்கும் செலவு:* நடுவில் புதிதாக வரும் எதுவும் இரு டிஸ்க்கிலும் சேர வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய சின்னம், கடைசி நேரத்தில் வாங்கிய இசை, டிரோன் ஷாட் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். "பிறகு வந்தவை" என்று தேதியிட்ட ஒரு கோப்புறை வைத்து அதை மட்டும் இணையத்தில் அனுப்புகிறோம். இன்னொன்று, இதில் பூட்டு எதுவும் இல்லை. யாரிடம் கை இருக்கிறது என்பதை மனிதர்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். நாங்கள் ஃபைலை அனுப்பும்போது கூடவே "கை உங்ககிட்ட" என்று ஒரு வரி எழுதுவோம். அந்த வரி வராமல் மற்றவர் திறக்க மாட்டார். ஃபைல் பெயரில் தேதி, நேரம், பெயரின் முதல் எழுத்து. "ஃபைனல்" என்ற சொல் தடை.

*எப்போது இதுவே சிறந்தது:* இருவர், மாறி மாறிக் கை, ஃபுட்டேஜ் 200 ஜிபிக்கு மேல். கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா, குறும்படம் எல்லாம் இதில் அடங்கும்.

## வழி 2: ப்ராக்ஸியை மட்டும் கிளவுடில் ஏற்றுவது

ப்ராக்ஸி என்பது அதே கிளிப்பின் மெலிந்த பிரதி. 1080 அளவில் 10 எம்பிபிஎஸ் எச்.264 ஆக மாற்றினால் அந்த 11 மணி நேரமும் 50 ஜிபிக்குள் அடங்கும். என் 50 எம்பிபிஎஸ் இணையத்திலேயே இரண்டேகால் மணியில் ஏறிவிடும். புரோரெஸ் ப்ராக்ஸி வெட்டுவதற்கு இன்னும் இலகு, ஆனால் 190 ஜிபியை நெருங்கும், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தம்பியின் மடிக்கணினி எச்.264-ஐத் தடுமாறாமல் ஓட்டுகிறது என்பதால் நாங்கள் முதலாவதைத்தான் எடுத்தோம். ரிசால்வ் 18 உடன் வந்த ப்ராக்ஸி ஜெனரேட்டர் ஒரு கோப்புறையைக் கவனித்துக்கொண்டே இருந்து, விழும் கிளிப்பையெல்லாம் தானே மாற்றிவிடும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி இதற்குக் காணாது, கட்டணத் திட்டம் வேண்டும். டிரைவில் "ஸ்ட்ரீம்" முறையில் வைத்தால் ஃபைல் இருப்பதுபோல் தெரியும், உண்மையில் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கும், எடிட்டில் விக்கி விக்கி ஓடும். அந்தக் கோப்புறையை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

ப்ராக்ஸிக்கும் மூலத்துக்கும் பெயர், டைம்கோடு, ஃபிரேம் எண்ணிக்கை, ஆடியோ சேனல் எண்ணிக்கை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சேனல் மாறினால் பிரீமியர் இணைக்கவே மறுக்கும். கைப்பேசியில் எடுத்த கிளிப்புகளில் தனிக் கவனம் தேவை. அவை பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவாகின்றன. அப்படியே சேர்த்தால் தொடக்கத்தில் பொருந்திய உறுமி மேளத்தின் அடி, ஐந்தாம் நிமிடத்தில் கையை விட்டு விலகி ஒலிக்கும். பகிர்வதற்கு முன்பே நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றி, மாற்றியதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

*மறைந்திருக்கும் செலவு:* மூல ஃபுட்டேஜ் ஒருவரிடமே இருப்பதால் நிறமும் இறுதி ஏற்றுமதியும் அவர் தலையில் விழும். ப்ராக்ஸியில் ஃபோகஸ் தப்பியது தெரியாது. தம்பி தேர்ந்தெடுத்த அருமையான முகபாவம் ஒன்று, மூலத்தில் பார்த்தால் மங்கலாக இருந்தது.

*ஓர் எச்சரிக்கை:* ப்ராக்ஸி ஒத்திசைவுக் கோப்புறையில் இருக்கட்டும். ஆனால் ப்ராஜெக்ட் ஃபைலை அங்கே வைத்து இருவரும் நேரடியாகத் திறக்காதீர்கள். அந்தத் தாயின் முகத்தை நாங்கள் இழந்தது அப்படித்தான்.

*எப்போது சிறந்தது:* டிஸ்க் போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாத வேலை. இன்று எடுத்து நாளைக்குள் முதல் வெட்டு வேண்டும் என்றால் இதுதான்.

## வழி 3: ப்ராஜெக்டே கிளவுடில் குடியிருப்பது

இங்கே ஃபைல் அனுப்பும் வேலையே இல்லை. ப்ராஜெக்ட் ஒரே இடத்தில் இருக்கும், எல்லோரும் அதையே திறப்பார்கள். ஃபுட்டேஜோ ப்ராக்ஸியோ அவரவர் கணினியில் இருக்கும். அதனால் முதல் இரண்டு வழிகளில் ஒன்று இதற்கும் அடித்தளமாக வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பணம் கட்டிவிட்டு "வீடியோ எங்கே?" என்று கேட்கிறார்கள்.

ரிசால்வ் பக்கத்தில் பிளாக்மேஜிக் கிளவுட். 2022-இல் 18ஆம் பதிப்போடு வந்தது. அறிமுகமானபோது ஒரு ப்ராஜெக்ட் லைப்ரரிக்கு மாதம் 5 அமெரிக்க டாலர். கிளிப்புகளை வைக்கும் கோப்புறைக்கு இதில் பின் என்று பெயர், ஒருவர் ஒரு பின்னைத் திறந்து வேலை செய்தால் அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும், மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஒருவர் வெட்டும்போதே இன்னொருவர் நிறம் பார்க்கலாம். முதன்முறை தம்பி ஒரு ஷாட்டைச் சுருக்கியது என் திரையில் வந்து நின்றபோது, 350 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல் இருந்தது.

பிரீமியர் பக்கத்தில் டீம் ப்ராஜெக்ட்ஸ். உங்கள் மாற்றங்களை நீங்கள் பகிர்ந்தால்தான் மற்றவருக்குப் போகும், அவரும் புதியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் எதை வைப்பது என்று கேட்கும். அதே பிரீமியரில் 2020-இல் வந்த புரொடக்‌ஷன்ஸ் வேறு. அது ஒரே அலுவலகத்தில் பொதுச் சேமிப்பு வைத்திருப்பவர்களுக்குப் பொருத்தம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

*மறைந்திருக்கும் செலவு:* இணையம் போனால் வேலை நிற்கும். மழைக்காலத்து மாலை இடி மின்னலில் இங்கே இது அடிக்கடி நடப்பதுதான். வேலை முடிந்ததும் ப்ராஜெக்டை ஏற்றுமதி செய்து உங்கள் டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். சந்தாவை நிறுத்திவிட்டு இரண்டு ஆண்டு கழித்துப் பழைய கல்யாணத்தைத் திறக்க நினைத்தால் அந்தப் பிரதிதான் துணை. ஒருவரிடம் ரிசால்வ் ஸ்டூடியோவும் மற்றவரிடம் இலவசப் பதிப்பும் இருந்தால், ஸ்டூடியோவுக்கே உரிய நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்றவை இலவசப் பக்கத்தில் வாட்டர்மார்க் குறியோடு தெரியும்.

*எப்போது சிறந்தது:* மூன்று கைகளுக்கு மேல். அல்லது இரண்டு கைகளே ஆனாலும் நாளெல்லாம் சேர்ந்தே ஓடும் தொடர் வேலை.

## வழி 4: வீட்டு நாஸ், அல்லது கிளவுட் டிரைவ்

இதில் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். சிறு குழுவுக்கு இதன் கணக்கு பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை.

நாஸ் என்பது இணையத்தோடு இணையும் டிஸ்க் பெட்டி. அதை வாங்கி வீட்டில் வைத்தால் மாதச் சந்தா இல்லை. ஆனால் பினாங்கிலிருந்து தம்பி என் நாஸைப் படிப்பது என் வீட்டு ஏற்றும் வேகத்தில்தான். 100 எம்பிபிஎஸ் கிளிப் ஒன்று 50 எம்பிபிஎஸ் குழாயில் ஓடாது. 10 எம்பிபிஎஸ் ப்ராக்ஸி மூன்று ஓடும். வெளியிலிருந்து நுழைய டெயில்ஸ்கேல் போன்ற பாதுகாப்பான தனி இணைப்பு (விபிஎன்) வேண்டும். ரவுட்டரில் கதவைத் திறந்து விடாதீர்கள். மின்னலுக்கு யூபிஎஸ் வேண்டும். இரண்டு டிஸ்க் கண்ணாடிபோல் ஒன்றையொன்று பிரதிபலித்தாலும் அது பேக்கப் ஆகாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும்.

லூசிட்லிங்க் போன்ற கிளவுட் டிரைவ் வேண்டிய துண்டை மட்டும் அவ்வப்போது இறக்கிக் காட்டும். அருமையான வேலை. ஆனால் முதல் 22 மணி நேர ஏற்றம் அதிலும் உண்டு, கட்டணமும் மாதம் தவறாமல் டாலரில் ஓடும். ஐந்தாறு பேர், நிரந்தர வாடிக்கையாளர், இரு பக்கமும் ஏற்றவும் இறக்கவும் சம வேக இணையம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

பார்செக் போன்றவற்றில் தொலைவிலிருந்தே மற்றவர் கணினியை இயக்கும் வழியும் உண்டு. அவசரத்துக்கு ஒரு டைட்டில் திருத்த நல்லது. அந்தத் திரையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

## எந்த வழியானாலும் கூடவே போக வேண்டியது: எழுத்துரு

வேறு மொழியில் எடிட் செய்பவர்களுக்கு இது ஒரு வரி. நமக்கு ஒரு நாள் வேலை. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் எழுத்துரு இல்லை.

பழைய பாமினி எழுத்துருவில் டைட்டில் போட்டு அனுப்பியிருந்தேன். தம்பியின் கணினியில் பாமினி இல்லை. "தண்ணீர்மலை" என்ற தலைப்பு ஆங்கில எழுத்துகளின் குவியலாகவும், மெய்யெழுத்துப் புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளியாகவும் வந்து நின்றது. பாமினி யூனிகோடு அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில விசைகள்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது.

யூனிகோடில் போட்டாலும் முழு நிம்மதி இல்லை. மேக்கோடு வரும் இணைமதி, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. அழகான எழுத்துரு, ஆனால் விண்டோஸில் அது இராது, அங்கே நிர்மலா இருக்கும். மாற்று எழுத்துரு புகுந்தால் வரி அகலம் மாறி, பெயர்ப் பட்டியல் சட்டத்துக்கு வெளியே வழியும். பிரீமியரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விருப்பத்தேர்வுகளில் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அந்தத் தேர்வு கணினியில் இருப்பது, ப்ராஜெக்டோடு பயணம் போகாது.

நாங்கள் இப்போது நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருக்களை மட்டும் பயன்படுத்துகிறோம். ஃபுட்டேஜ் டிஸ்க்கிலேயே எழுத்துரு, லட் (நிற அமைப்பு ஃபைல்), இசை மூன்றுக்கும் கோப்புறை உண்டு.

ஒருவர் ரிசால்வ், மற்றவர் பிரீமியர் என்றால் எக்ஸ்எம்எல் வழியாக டைம்லைன் போகும். வெட்டுகள் வந்து சேரும். டைட்டில், வேக மாற்றங்கள், எஃபெக்ட்கள் பலவும் வழியில் உதிரும். எடிட் முடிந்து நிறத்துக்கு ஒரே முறை கைமாற்ற இது போதும், தினமும் போய்வர ஆகாது.

## ஒரே பார்வையில்

500 ஜிபி ஃபுட்டேஜ், 50 எம்பிபிஎஸ் ஏற்றும் வேகம் என்ற கணக்கில்:

| வழி | வேலை தொடங்கக் காத்திருப்பு | சேர்ந்து கை வைக்கலாமா | பணம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| இரட்டை டிஸ்க் | பிரதி அரை மணி, பிறகு பயண நேரம் | மாறி மாறி மட்டும் | டிஸ்க் விலை, ஒரே முறை | புதிதாக வருபவை, பூட்டு இல்லை |
| ப்ராக்ஸி கிளவுடில் | மாற்றும் நேரம் + இரண்டேகால் மணி | மாறி மாறி மட்டும் | சேமிப்புச் சந்தா | ஃபோகஸ், ஆடியோ சேனல், கைப்பேசிக் கிளிப் |
| கிளவுட் ப்ராஜெக்ட் | மேலே உள்ள இரண்டில் ஒன்று | ஆம் | மாதச் சந்தா, டாலர், வரி | இணையம், ஒரே பதிப்பு, முடிவில் பிரதி |
| நாஸ் | வீட்டில் உடனே, வெளியூருக்கு ப்ராக்ஸி தயாரானதும் | மென்பொருளைப் பொறுத்து | பெரிய முதலீடு | மின்னல், ஏற்றும் வேகம் |
| கிளவுட் டிரைவ் | 22 மணி நேரத்துக்கு மேல் | மென்பொருளைப் பொறுத்து | கனத்த மாதச் சந்தா | இரு பக்கமும் வேக இணையம் |

## நான் எதைச் சொல்வேன்

இருவர் மட்டும், கல்யாணம் போன்ற வேலை என்றால் வழி 1, சந்தா எதுவும் வேண்டாம். அந்தக் காசில் மூன்றாவது டிஸ்க் வாங்கி மூலத்தை மூன்றாவது பிரதியாக வேறு வீட்டில் வையுங்கள்.

அவசர வேலை என்றால் வழி 1-உம் 2-உம் சேர்த்து. ப்ராக்ஸி இன்றிரவு ஏறட்டும், டிஸ்க் நாளை ரயில் ஏறட்டும். டிஸ்க் வந்ததும் ப்ராக்ஸியை அணைத்துவிட்டு மூலத்தைப் பார்த்தால் மங்கலான முகங்கள் அப்போதே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது ஆள் வந்துவிட்டால் வழி 3. நாங்கள் தைப்பூசத்துக்கு இப்படித்தான் செய்கிறோம். பத்துமலையை நான் எடுக்கிறேன், பினாங்கின் தண்ணீர்மலையைத் தம்பி எடுக்கிறார், ஒலிக்கு இன்னொருவர். இரு ஊரின் ப்ராக்ஸியும் மூவரிடமும் இருக்கும், ப்ராஜெக்ட் கிளவுடில் இருக்கும், வேலை முடிந்த மாதமே சந்தாவை நிறுத்திவிடுவோம்.

எதைத் தேர்ந்தாலும் உண்மையான ஃபுட்டேஜைத் தொடுமுன் ஒரு நிமிடச் சோதனை செய்து பாருங்கள். மூன்று கிளிப், ஒரு கைப்பேசிக் கிளிப், ஒரு பாட்டு, "கொடியேற்றம்" என்று ஒரு தமிழ் டைட்டில். இதை அனுப்பி, மறுபக்கத்தில் திறந்து, ஒரு வெட்டை மாற்றித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் தம் இடத்தில் நிற்க, எந்தக் கிளிப்பும் சிவப்பாகாமல் திரும்பி வந்தால், அன்றிரவே கார்டுகளைப் பிரதியெடுக்கத் தொடங்கலாம்.